பொட்டலத்தில் பெயர் இல்லை

சித்தி: (படம்) காகிதப் பொட்டலத்தில் இருந்த விதை. முளைத்த நான்கில் மூன்றின் இலை இப்படி, உருளைக்கிழங்கு இலை மாதிரி. உருளைக்கிழங்குதான் தானாக முளைத்திருக்கிறது என்று பிடுங்கப் போனேன். கிள்ளி முகர்ந்தால் தக்காளி வாசம்! பழம் ரோஜா நிறம். என்ன ரகம்?

தம்பி: படத்தை கூகுளில் போட்டுப் பார்த்தேன். பிராண்டிவைன் என்று வருகிறது. அமெரிக்க ரகம்.

மாமா: இருக்கும். 1845இல் உங்கள் ஊர்ப் பக்கம் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதே அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள்தானே. அவர்கள் கொண்டுவந்த விதையோ என்னவோ.

நான்: மாமா, வீடு கட்டியது சரி. தக்காளி அவர்களுடையது என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? உருளைக்கிழங்கு இலையும் ரோஜா நிறமும் உள்ள ரகங்கள் நிறைய. படத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால், விதை வாங்கிப் போகிறவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் திருத்தவே முடியாது.

நான்: சித்தி, ஒரு பழத்தை வெந்நீரில் போட்டுத் தோலை உரியுங்கள். தோலை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளா, நிறமே இல்லையா?

சித்தி: (படம்) கண்ணாடித்தாள் மாதிரி இருக்கிறது. உரித்த பழம் கடைத் தக்காளி போலச் சிவப்பு!

நான்: சிவப்புச் சதைமேல் மஞ்சள் தோல் இருந்தால்தான் வெளியே சிவப்பாகத் தெரியும். தோலில் நிறம் இல்லாவிட்டால் ரோஜா. இதை எழுதி வையுங்கள். இப்போது குறுக்கே வெட்டுங்கள்.

சித்தி: (படம்) ஒன்பது பத்து அறை இருக்கும். சதைதான் அதிகம். செடி என் தலைக்கு மேல் போய்விட்டது, இரண்டாவது முட்டுக்குச்சி கட்டினேன்.

மாமா: எங்கள் பி.கே.எம். 1 தக்காளி இவ்வளவு உயரம் போகாதே. அது அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது. பெயரிலேயே ஊர் இருக்கிறது. நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரில் வில்பட்டி 1 என்று வையுங்கள்.

நான்: அந்த நான்காவது செடி எப்படி, சித்தி?

சித்தி: அதன் இலை சாதாரணம்தான், வெட்டு வெட்டாக. பழம் சின்னது, சிவப்பு. காயாக இருக்கும்போது காம்புப் பக்கம் கரும்பச்சை.

நான்: எல்லாம் ஒரே பழத்து விதையா?

சித்தி: ஒரே பழம்தான். நானே டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவிக் காயவைத்தேன்.

நான்: அப்படியானால் தேனீ வேறு ரகத் தக்காளியின் மகரந்தத்தைப் பூவில் சேர்த்திருக்கிறது. உருளைக்கிழங்கு இலை ஒடுங்கிய குணம், தாய் தகப்பன் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். தாய்ச்செடியே கலப்பு என்றால் நான்கில் மூன்று சாதாரண இலையாக வந்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ். நான்கே செடியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சோதிக்கலாம். மூன்றில் ஒன்றின் விதையில் இருபது நாற்று விடுங்கள். அத்தனையும் உருளைக்கிழங்கு இலையாக வந்தால் வெட்டு இலை ரகம் எதுவும் அவற்றில் கலக்கவில்லை; ரகம் சுத்தமா என்பதைப் பழத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெட்டு இலையாக ஒன்று வந்தாலும் அது கலப்பு, நாற்றிலேயே எடுத்துவிடலாம். நான்காவது செடி விதையைத் தனியாக வையுங்கள். மற்ற மூன்றுக்கும் வைக்கும் பெயர் அதற்கு வேண்டாம்.

தம்பி: இனிமேல் தேனீயை எப்படித் தடுப்பது அக்கா?

நான்: நகைக்கடையில் தரும் வலைப்பை இருக்கிறதே, பூ விரியும் முன் கொத்தோடு மாட்டிவிடு. பிஞ்சு பிடித்ததும் கழற்றி, காம்பில் நூல் கட்டு.

நான்: சித்தி, அந்த முதல் பழம் யார் கொடுத்தது?

சித்தி: பூம்பாறையிலிருந்து பூண்டு கொண்டுவரும் அம்மா. வீட்டுக் கொல்லையில் காய்த்தது, சாப்பிட்டுப் பார் என்று பையில் போட்டுவிட்டார்.

நான்: அதுதானே நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று! 'பூண்டுக்காரம்மா தக்காளி, பூம்பாறை' என்று எழுதுங்கள். அதன் கீழே ஆண்டு, இலை, தோல். அவர்கள் வீட்டில் வேறு பெயர் இருந்தால் அதுதான் பெயர், நம்முடையதை அடித்துவிடலாம்.

மாமா: எனக்குப் பத்து விதை. இங்கே கோடையில் பூ கொட்டிவிடும், ஐப்பசியில் போடுகிறேன்.

சித்தி: சரிண்ணே. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவர் வருவார். இலையோடு இரண்டு பழம் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கிறேன்.