மலேசியாவில் இந்தியர்களை இழிவாகக் கூப்பிடும் 'கெலிங்' என்ற சொல் பழைய பெயர்ப்பலகைகளிலும் இருக்கிறது. பலகையில் இருக்கும் அந்தப் பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடலாமா? உங்கள் அனுபவம் என்ன?

போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலாக்கா போயிருந்தோம். கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748இல் எழுந்தது. அடுக்கடுக்கான கூரை, பகோடா மாதிரி மினாரா. பக்கத்திலேயே பொய்யாத விநாயகர் கோயில். பத்து வயது மகள் பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள். என் கையை இழுத்து, "அப்பா, இது கெட்ட வார்த்தைதானே? பள்ளிவாசலுக்குப் போய் ஏன் வெச்சாங்க?" என்று காதோடு கேட்டாள்.

உன்னை யார் அப்படிக் கூப்பிட்டது என்று கேட்க நினைத்தேன். மனம் வரவில்லை.

எனக்கு அது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும்போது நடந்தது. திடலில் பந்தைத் தவறவிட்டேன், பின்னாலிருந்து "ஹோய் கெலிங்!" என்று ஒருவன் கத்தினான். ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "கலிங்க நாட்டிலிருந்து வந்த சரித்திரப் பெயர், இதில் என்ன கோபம்?" என்றார். அவர் சொன்ன சரித்திரம் சரிதான். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் இந்திய மண்ணுக்கு அதுதான் பெயர். பினாங்கில் அந்தக் காலத்தில் நம் சமூகத் தலைவருக்குக் கப்பித்தான் கெலிங் என்பது பட்டம். ஆனால் கத்தியவன் மனதில் கலிங்கமும் இல்லை, கப்பித்தானும் இல்லை. எனக்கு அது தெரிந்தது, ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மகளிடம் இப்படிச் சொன்னேன்: "கப்பலில் வியாபாரத்துக்கு வந்த நம்ம ஆட்களுக்கு அந்தக் காலத்துல வெச்ச பேரு. பலகையில இருக்கட்டும். உன்னை யாராவது அப்படிக் கூப்பிட்டா, வீட்ல வந்து சொல்லணும்."

பதில்:

நான் சிங்கப்பூர். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் ரோஷம், தாத்தா காலத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். மதியம் சாப்பிடப் போகும் வழியில் அவருக்கு சூலியா ஸ்ட்ரீட் பலகையைக் காட்டினேன். முன்பு அது கிளிங் ஸ்ட்ரீட், அதே கெலிங்தான். அந்தப் பெயர் புண்படுத்துகிறது என்று இந்தியர்கள் சொல்லித்தான் 1920களில் மாற்றினார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே வலித்திருக்கிறது.

எங்கள் பாட்டிக்குக் கலிங்கம் எல்லாம் தெரியாது. கப்பலில் கொண்டுவந்த கைதிகளின் கால் சங்கிலி 'கிளிங் கிளிங்' என்று சத்தம் போட்டதால் வந்த பெயர் என்பார். அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. அப்புறம் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி தன் கணுக்காலைத் தடவிக்கொண்டே இருப்பார்.