வாய்தா நாளில் யார் போய் உட்காருவது? சட்டத்தின் ஆட்சிக்காக உழைக்கும் அமைப்புகளின் அன்றாட வேலை: அனுபவப் பகிர்வு

மைக்கறை:

சட்டத்தின் ஆட்சி என்றதும் 1952-ல் மேற்கு பெர்லினில் பிறந்த சர்வதேச நீதியாளர் ஆணையம், 1961-ல் வந்த மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி, 1993-ல் வந்த ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்று பெயர்களை அடுக்குவது சுலபம். அறிக்கை வெளியானால் செய்தி வரும். அதற்கு முன்னால் யார் எந்தப் படிவத்தை நிரப்பினார்கள், எது திரும்பி வந்தது, ஏன் வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நீதிமன்றத்தில் போய் உட்காருபவர்கள், ஐ.நா.வுக்கு மனு அனுப்புபவர்கள், சிறைக்குள் வேலை செய்பவர்கள் அதை மட்டும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

வாய்தா:

விசாரணைக் கண்காணிப்பில், அதாவது வழக்கு நேர்மையாக நடக்கிறதா என்று நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்ப்பதில், ஆரம்பிக்கிறேன். பலரும் செய்யும் முதல் தவறு, தீர்ப்பு நாளுக்குப் பயணச்சீட்டு எடுப்பது. அன்று நீதிபதி வாசிப்பார், வெளியே கேமராக்கள் நிற்கும், அவ்வளவுதான். வழக்கு நேர்மையாக நடந்ததா என்பது ஜாமீன் மனு, ஆவண நகல் கேட்ட மனு, சாட்சிகளின் குறுக்கு விசாரணை நடக்கும் நாட்களில்தான் தெரியும். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி கூண்டில் ஏறும் நாளுக்குப் போங்கள். மற்ற நாட்களுக்கு, வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை உட்கார வையுங்கள்.

போகும் முன் நீதிமன்றத் தலைமைக்கும் நீதித்துறை அமைச்சகத்துக்கும் கடிதம் போக வேண்டும். வழக்கு எண், பார்வையாளர் பெயர், நோக்கம் மூன்றும் அதில் இருந்தால் போதும். வாசகத்தில்தான் சூட்சுமம். பொது விசாரணையில் உட்கார யாருடைய அனுமதியும் தேவையில்லை. ‘அனுமதி வேண்டுகிறோம்’ என்று எழுதினால் மறுக்கும் வாய்ப்பை நாமே கையில் கொடுத்ததாகிவிடும். ‘பார்வையாளர் வருகிறார் எனத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்றே எழுதுங்கள். மூடிய அறை விசாரணைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். சுற்றுலா விசாவில் போகாதீர்கள். மாட்டினால் மறுநாள் செய்தி வழக்கைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் இரு தரப்பும் சிபாரிசு செய்யாதவராக இருக்க வேண்டும். காதோடு காதாகச் சொல்லும் மொழிபெயர்ப்பும் அமைதியான நீதிமன்றத்தில் கேட்கும், அதற்காக வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. ‘வாய்தா’, ‘ஆட்சேபணை ஏற்பு’ போன்ற சொற்களுக்கு முன்கூட்டியே சைகை பேசி வைத்துக்கொண்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

உள்ளே எங்கே உட்காருவது? நீதிபதிக்குத் தெரியும் இடத்தில், ஆனால் எந்தத் தரப்புக்கும் நேர் பின்னால் அல்ல. குற்றம்சாட்டப்பட்டவரின் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் நடுநிலை அங்கேயே போச்சு. அரசு வழக்கறிஞரைச் சந்திக்க நேரம் கேட்காமல் எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு மட்டும் தேநீர் குடிப்பதும் அதே கணக்குதான். உச்சுக்கொட்டுவது, தலையாட்டுவது கூடாது. குறிப்பேட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நேரமும் நடந்ததும், வலப்பக்கம் உங்கள் ஐயமும் சட்டப் பிரிவும் எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் மூன்று வாரம் கழித்து எது கண்டது, எது நினைத்தது என்று உங்களுக்கே தெரியாது.

அளவுகோல், குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு. அதன் 3-ஆம் உட்பிரிவில் ஏழு உரிமைகள் உண்டு: குற்றச்சாட்டைப் புரியும் மொழியில் அறிவது, தயாராகப் போதிய நேரமும் வசதியும், தேவையற்ற தாமதம் இல்லாத விசாரணை, நேரில் இருந்து வழக்கறிஞர் துணையோடு வாதிடுவது, சாட்சிகளை விசாரிப்பது, இலவச மொழிபெயர்ப்பு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்தப்படாமை. ‘போதிய நேரம் தரப்படவில்லை’ என்ற வரி யாரையும் அசைக்காது. கோப்பு எத்தனை பக்கம், விசாரணைக்கு எத்தனை நாள் முன்பு கைக்கு வந்தது, கூடுதல் நேரம் கேட்ட மனுவுக்கு நீதிபதி சொன்ன காரணம் என்ன என்று எழுதினால் மேல்முறையீட்டு வழக்கறிஞரே அதை எடுத்துக்கொள்வார். அதனால் அறிக்கை மேல்முறையீட்டுக்கு முன் வர வேண்டும். இரண்டு வருடம் கழித்து பளபளப்பான தாளில் வருவதால் பயனில்லை.

பார்வையாளர் வந்திறங்கிய அன்று வழக்கு தள்ளிப்போவது சகஜம். பயணம் வீண் என்று நினைக்காதீர்கள். யார் கேட்டார், என்ன காரணம், எத்தனையாவது வாய்தா, அதுவரை குற்றம்சாட்டப்பட்டவர் காவலில்தானா என்று நான்கு வரி எழுதுங்கள். தாமதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. குற்றவாளியா இல்லையா என்பதைப் பற்றி மட்டும் அறிக்கையில் ஒரு சொல்லும் கூடாது.

குறிப்பேடு:

விவரமாக எழுதினால்தான் பயன் என்பதற்கு ஒரு சிறு மறுப்பு. குளூனி அறக்கட்டளை 2019-ல் தொடங்கிய ட்ரையல்வாட்ச் திட்டம், விசாரணையின் நேர்மைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து மதிப்பெண் தருகிறது. 60 பக்க அறிக்கையை எந்த ஆசிரியர் குழு படிக்கும்? ‘எஃப்’ என்ற ஓர் எழுத்து தலைப்பில் ஏறிவிடுகிறதே.

வாய்தா:

ஏறுகிறது. ஆனால் அடுத்த வாய்தாவுக்கு அதே நீதிபதி முன்னால்தான் நம் ஆள் உட்கார வேண்டும். வழக்கு முடிந்த பிறகு மதிப்பெண் போடுவதில் எனக்குச் சண்டை இல்லை, நடுவில் போடுவதில்தான்.

முத்திரை:

ஐ.நா. மனுக்களைப் பற்றி. ‘ஜெனீவாவுக்கு எழுதிவிட்டோம்’ என்பார்கள். ஜெனீவாவில் எந்த வாசலுக்கு? மனித உரிமைக் குழு வேறு, மனித உரிமை மன்றம் வேறு. முன்னது வாய்தா சொன்ன அந்த உடன்படிக்கையைக் காக்கும் 18 நிபுணர்கள், பின்னது 47 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள். உறையிலேயே இதைக் குழப்பிக்கொண்டு அனுப்புவது இன்றும் நடக்கிறது.

காவலில் இருப்பவருக்காகப் பெரும்பாலும் முதலில் போக வேண்டியது, 1991-ல் அமைந்த தன்னிச்சைத் தடுப்புக்காவல் செயற்குழு. ஐந்து நிபுணர்கள். உள்நாட்டு நீதிமன்றப் படிகள் எல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அந்த நாடு எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது என்பதும் தடையில்லை. மாதிரிப் படிவம் இருக்கிறது. மனு, இணைப்புகள் எல்லாம் சேர்த்து 20 பக்கத்துக்குள் இருக்க வேண்டும். மிஞ்சியதைப் பார்க்காமல் விட அவர்களுக்கு உரிமை உண்டு. செய்தித்தாள் நறுக்குகளால் பக்கத்தை நிரப்புபவர்கள் கைது உத்தரவின் நகலுக்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள். ஐந்து வகைகளில் எதன் கீழ் வருகிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்: சட்ட அடிப்படையே இல்லாத காவல், உரிமையைப் பயன்படுத்தியதற்கான காவல், நேர்மையற்ற விசாரணையால் வந்த காவல், புகலிடம் தேடியவர்களை நீதித்துறை மறுஆய்வின்றி நீண்டகாலம் அடைத்து வைப்பது, பாகுபாட்டால் வந்த காவல். அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். மனு அனுப்பியவர் பெயர் அரசுக்குப் போகாது.

மனித உரிமைக் குழுவில் இது நேர்மாறு. பாதிக்கப்பட்டவரின் பெயர் அரசுக்குத் தெரிவிக்கப்படும், அநாமதேய மனு செல்லாது, அந்த நாடு விருப்ப நெறிமுறையை (தனிநபர் மனுக்களைக் குழு விசாரிக்க அனுமதிக்கும் கூடுதல் ஒப்பந்தம்) ஏற்றிருக்க வேண்டும், உள்நாட்டுப் பரிகாரங்கள் முடிந்திருக்க வேண்டும். ‘அங்கே போய் என்ன பயன்’ என்ற சந்தேகம் விலக்காகாது. பரிகாரம் நியாயமின்றி இழுத்தடிக்கப்படுகிறது என்றால் தேதிவாரியாகக் காட்டுங்கள். எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் அமைப்பு தன் பெயரில் மனு போடுவதும் திரும்பி வரும் காரணங்களில் ஒன்று.

இன்னொரு கண்ணி: ஒரே விஷயம் வேறொரு சர்வதேச விசாரணை முறையில் நிலுவையில் இருந்தால் குழு எடுக்காது. மேலே சொன்ன செயற்குழு அந்தக் கணக்கில் வரும். சிறப்பு அறிக்கையாளர்கள் எனப்படும் ஐ.நா.வின் தனி நிபுணர்களுக்குப் போகும் அவசர முறையீடு வராது. ஆகவே எந்த வரிசையில் போவது என்பதை முதல் கடிதத்துக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். இரண்டு அமைப்புகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு வாசலைத் தட்டினால் நஷ்டம் உள்ளே இருப்பவருக்குத்தான்.

கோப்பு:

அதோடு சான்று சேகரிப்பையும் சேர்க்கிறேன். பாதிக்கப்பட்ட ஒருவரிடம் நான்கு அமைப்புகள் நான்கு முறை விரிவாக வாக்குமூலம் வாங்குகின்றன. நான்கிலும் சிறு சிறு முரண் வரும், மனித நினைவு அப்படித்தான். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அந்த முரணைப் பிடித்துக்கொள்ளும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் குற்றவியல் நீதி ஒத்துழைப்பு முகமையான யூரோஜஸ்ட்டும் 2022-ல் குடிமைச் சமூக அமைப்புகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் எச்சரிக்கிறது. யார், எங்கே, எப்போது, எப்படித் தொடர்புகொள்வது என்பதோடு நிறுத்திவிட்டு விரிவான கேள்விகளை விசாரணை அதிகாரிக்கு விடுவது நல்லது. பொருள்களை எடுத்துவர வேண்டாம், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் காணொளிக்கு 2020-ல் வந்த பெர்க்லி நெறிமுறை என்ற வழிகாட்டி இருக்கிறது. வெறும் திரைப்பிடிப்பு போதாது. முகவரி, பதிவிறக்கிய தேதி, நேரம், யார் இறக்கினார் என்பதோடு கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) அன்றே குறித்து வைக்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். செய்திச் செயலி வழியாக அனுப்பினால் பெரும்பாலும் படத்தின் உள்தகவல்கள் அழிந்து தரமும் குறையும். நேரடியாகச் சாதனத்திலிருந்து எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

சிறைவாசல்:

வழக்கறிஞர் கிடைக்காத இடத்துக்குத் துணைச்சட்டப் பணியாளர்கள், அதாவது வழக்கறிஞர் அல்லாத, சட்டப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள். இந்த முறை மலாவியில் 2000-ல் நான்கு சிறைகளில் எட்டுப் பேரோடு தொடங்கியது. சியரா லியோனில் டிமாப் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு 2003-ல் இரண்டு வழக்கறிஞர்களையும் 13 பணியாளர்களையும் வைத்துத் தொடங்கியது. அந்த நாட்டின் 2012 சட்ட உதவிச் சட்டம் துணைச்சட்டப் பணியாளர்களை அங்கீகரித்தது.

சிறைக்குள் வேலை எளிமையானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். விசாரணைக் கைதிகளின் பதிவேட்டை வாராவாரம் பார்த்து மூன்று பட்டியல் எடுக்க வேண்டும்: காவல் ஆணை காலாவதியானவர்கள், குற்றத்துக்கான உச்சத் தண்டனையைவிட அதிக நாள் இருந்துவிட்டவர்கள், நீதிமன்றத்துக்கே அழைத்துப் போகப்படாதவர்கள். பட்டியலைச் சிறை அலுவலர் கையெழுத்தோடு நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். மலாவியில் நீதிபதியே சிறைக்கு வந்து முகாம் நீதிமன்றம் நடத்தும் பழக்கம் இதிலிருந்து பயன் பெற்றது. கைதிகளுக்கு ஜாமீன் கேட்பது எப்படி என்பதை நாடகமாக நடித்தே சொல்லித் தருகிறார்கள். ஒருவர் நீதிபதி, ஒருவர் கைதி. துண்டுப்பிரசுரத்தைவிட இது நன்றாகப் பதிகிறது.

கெடுவது இரண்டு இடத்தில். பணியாளர் தன்னை வழக்கறிஞர் என்று சொல்லிக்கொள்வது ஒன்று. குடும்பத்திடம் சிறு தொகை வாங்கினாலும் கதை முடிந்தது. இன்னொன்று, சிறை நிர்வாகத்துக்குச் சொல்லாமல் எண்ணிக்கையைப் பத்திரிகைக்குக் கொடுப்பது. வாசல் சாத்தப்பட்டால் உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் பட்டியலும் நின்றுவிடும். முதலில் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, திருத்த நேரம் தந்து, பிறகு வெளியிடுங்கள்.

மைக்கறை:

முத்திரை, ஒரு நாட்டின் மனித உரிமை நிலையை மற்ற நாடுகள் ஐ.நா.வில் அலசிப் பரிந்துரை சொல்லும் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு அறிக்கை எழுதுவதால் பலன் உண்டா?

முத்திரை:

எழுதும் விதத்தைப் பொறுத்தது. தனி அமைப்புக்கு 2,815 சொல், கூட்டாக எழுதினால் 5,630. பத்திகளுக்கு எண் போட்டு வேர்ட் கோப்பாக அனுப்ப வேண்டும், பிடிஎஃப் வேண்டாம். எல்லா அமைப்புகளும் அனுப்பியதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பத்துப் பக்கத்துக்குச் சுருக்கும், ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது ஒரு வரியோ இரண்டோ. அந்த வரியை நீங்களே எழுதி வையுங்கள். ‘நீதித்துறைச் சுதந்திரத்தை வலுப்படுத்துக’ என்று எழுதினால் அரசு மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை, எந்த ஆண்டுக்குள், எப்படி மாற்றுவது என்று எழுதுங்கள். மீளாய்வு மூன்றரை மணி நேரம்தான், பேசும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்றிரண்டு நிமிடம். வாசிக்கத் தயாராக ஒரு வரி கையில் இருந்தால் தூதரகம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். தலைநகரில் உள்ள தூதரகங்களை இரண்டு மூன்று மாதம் முன்பே பாருங்கள். கடைசி வாரம் போனால் உரை ஏற்கனவே ஒப்புதலாகியிருக்கும்.

பிறகு மனித உரிமை மன்றத்தில் மீளாய்வு அறிக்கை ஏற்கப்படும்போது அமைப்புகள் பேச மொத்தம் 20 நிமிடம் ஒதுக்குவார்கள். அதற்கு ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதி வேண்டும். 19 நாடுகள் கொண்ட குழு விண்ணப்பத்தைப் பார்க்கும். ஒரு நாடு கேள்வி கேட்டாலே அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு இப்படிச் சுமார் 15 ஆண்டு காத்திருந்து 2022 டிசம்பரில்தான் தகுதி பெற்றது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் தகுதியுள்ள அமைப்பு ஒன்றின் பெயரில் பேசுகிறார்கள். அந்த அமைப்பிடம் உரையை ஒரு வாரம் முன்பே காட்டி ஒப்புதல் வாங்குங்கள், உரையின் பிரதியை மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அனுப்பி வையுங்கள். நேரத்துக்குள் முடிக்கிறேன் என்று ஓட்டமாக வாசித்தால் ஐ.நா.வின் மற்ற ஐந்து அலுவல் மொழிகளிலும் பாதி காணாமல் போகும்.