அகத்தியில் ஆமையும் கடற்புல்லும்: நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள்

லட்சத்தீவில் அகத்தி தீவுக்குப் போனவர்கள் எல்லாரும் ஆமைக் கதையோடுதான் திரும்புவார்கள். லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலில், இடுப்பளவுத் தண்ணீரில் முகமூடி போட்டுக் குனிந்தாலே போதும், பெரிய பேராமை (பச்சை ஆமை) ஒன்று நம்மைச் சட்டை செய்யாமல் கடந்து போகும். நான் எடுத்த படம் ஒன்றும் தேறவில்லை, அதை விடுங்கள். என்னை யோசிக்க வைத்தது அடியில் கிடந்த மணல். வெறும் மணல், அங்கங்கே விரல் நீளம்கூட இல்லாத கடற்புல்.

படகு ஓட்டிய இக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கேட்டேன். முன்பெல்லாம் இங்கே தரையே தெரியாது, அவ்வளவு புல், அதற்குள் மீன்குஞ்சு மொய்க்கும், இந்த ஆமைகள் வந்து தின்று தீர்த்துவிட்டன, வலையையும் கிழிக்கின்றன என்று பொரிந்து தள்ளிவிட்டார். கோபத்தில் பேசுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ஆய்வாளர்கள் அங்கே இறங்கி அளந்ததும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. அகத்தியில் ஆமைகள் குவிந்தன, புல் தீர்ந்ததும் கட்மத்துக்கு நகர்ந்தன, பிறகு அடுத்த தீவு. புல் போன இடத்தில் மீனும் குறைந்தது.

அளவாக மேய்ந்தால் புல் மறுபடி துளிர்க்கும். கூட்டமாக அதே இடத்தைத் திரும்பத் திரும்ப மேய்ந்தால் இலை குட்டையாகி, சன்னமாகி, பூக்கக்கூட வழியில்லாமல், மெதுவாக வளரும் வகை முதலில் போய், கடைசியில் மணலைப் பிடித்து வைக்கவே ஒன்றும் இருக்காது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஆமை வேட்டை குறைந்தது, நல்ல விஷயம்தான். ஆமையைத் தின்கிற புலிச்சுறா மாதிரியான பெரிய சுறாக்கள் குறைந்ததும் ஆமைகள் இப்படிப் பெருக ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஆமையை மட்டும் திட்டுவது சரியில்லை.

பதில்:
அண்ணே, நான் தொண்டிப் பக்கம். எங்கள் கடலில் புல் மேய்வது ஆவுளியா, அதாவது கடற்பசு. ஆளைப் பார்ப்பது அபூர்வம், மூச்சுவிட மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். ஆனால் மேய்ந்த தடம் தெரியும், புல்லுக்கு நடுவே ஏர் உழுத சால் மாதிரி வளைந்து வளைந்து போகும். அது இலையைக் கடிப்பதோடு விடாது, வேரோடு பிடுங்கும். அப்படியும் எங்கள் புல் நிற்கிறது, ஏனென்றால் ஆவுளியா கொஞ்சம், புல்வெளி அதிகம், கொஞ்ச நாளில் சாலில் புதுப்புல் ஏறிவிடும். இங்கே புல்லை நாசமாக்குவது கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலைதான். 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். புல் இருந்தால்தான் ஓரா மீனும் நண்டும் என்பது கரையோரம் வலை போடுகிறவர்களுக்குத் தெரியும்.

பதில்:
சுறா என்றதும் ஞாபகம் வந்தது. நான் பெர்த்தில் இருக்கிறேன், மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே வடக்கே ஷார்க் பே என்ற விரிகுடாவுக்குப் போயிருக்கிறேன். படகில் இருந்து ஆவுளியாக்களைப் பார்த்தேன், எல்லாம் ஆழமான ஓரத்திலேயே நின்றன. நல்ல புல் நடுத்திட்டில் இருக்கும்போது ஏன் அங்கே போகவில்லை என்றால், புலிச்சுறா நடமாடும் பருவத்தில் அப்படித்தானாம். பேராமையும் அதே கணக்குப் போடுகிறது: நல்ல உடம்போடு இருப்பது தப்பிக்க வசதியான ஓரத்தில் மேயும், மெலிந்துபோனதுதான் துணிந்து நடுவே போகும். சுறா ஒன்றையும் கடிக்க வேண்டாம், சுற்றி வந்தாலே நடுத்திட்டுப் புல் தப்பிக்கிறது. ஆனால் 2011ல் கடல் சூடேறி அங்கேயும் ஏராளமான புல் செத்தது, அதற்குச் சுறா என்ன செய்யும்.

முதல் பதிவர்:
வெறும் பயமே புல்லைக் காப்பாற்றும் என்று நான் யோசிக்கவே இல்லை. தொண்டித் தம்பி, உங்கள் பக்கம் வலையில் பேராமை படுகிறதா? முன்பைவிடக் கூடவா, குறைவா? பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.