பொங்கலுக்குக் காரில் ஊருக்குப் போகிற பெங்களூர்க்காரர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன மடலில் மாமா ஒருவர் கேட்டிருந்தார்: வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் வண்டியை நிறுத்தலாமா, அப்புறம் போலீஸ், கோர்ட் என்று அலைவது யார்? நியாயமான பயம்தான். அல்சூர், ஸ்ரீராமபுரம், எலக்ட்ரானிக் சிட்டி என்று சிதறிக் கிடக்கிற நாம் எல்லோரும் பண்டிகைக்கு ஒரே நேரத்தில் ஓசூர் ரோட்டில் இறங்குவோம். தாண்டினால் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்குமுன் ஒரு பழைய கதை. குதிரை இல்லாமல் எந்திரத்தால் ஓடும் வண்டியால் உயிரிழந்த முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் மேரி வார்டு. நுண்ணோக்கி பற்றிப் புத்தகம் எழுதிய அயர்லாந்துப் பெண்மணி. 1869 ஆகஸ்ட் 31 அன்று, சொந்தக்காரர்கள் செய்த நீராவி வண்டியில் போகும்போது, ஒரு திருப்பத்தில் தவறி விழுந்து சக்கரத்தில் சிக்கினார். பக்கத்தில் குடியிருந்த டாக்டர் சற்று நேரத்திலேயே வந்துவிட்டார். கழுத்து முறிந்திருந்ததால் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் வந்தார், பாருங்கள். பிறகு 1896-ல் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தபோது, இனி இப்படி ஒன்று நடக்கவே கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னாராம். பாவம் மனிதர்! 2022-ல் இந்தியாவில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்.

சரி, சட்டத்துக்கு வருவோம். உதவி செய்பவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016-லேயே கட்டாயமாக்கிவிட்டது. கர்நாடகத்தில் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவும்போது அடிபட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்கூட உங்கள் மேல் வழக்கு வராது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் பணம் கட்டு என்று உங்களைப் பிடித்து வைக்கக் கூடாது. வாசலில் யாராவது மிரட்டினால் 134ஏ என்று சொல்லிப் பாருங்கள், குரல் தானாக இறங்கும்.

முதலில் 112 அல்லது 108-க்கு போன் போடுங்கள். கர்நாடகம், தமிழ்நாடு இரண்டிலும் அதே எண்கள்தான். உங்கள் வண்டியை ஓரம் கட்டி, நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இறங்குங்கள். உதவப் போனவரையே பின்னால் வருகிற லாரி அடித்த கதைகள் உண்டு. வண்டி தீப்பிடித்தால் ஒழிய, அடிபட்டவரைக் கையைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தும் முதுகும் அசையக் கூடாது. தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கொடுக்க வேண்டாம். ரத்தம் கொட்டும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

துவைத்த பழைய வேட்டி இரண்டு டிக்கியில் கிடக்கட்டும். காரில் இடம் காலியாக உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், பஸ் டிக்கெட் கிடைக்காத பிள்ளைகள் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.