பழைய எம்எம்540 ஜீப்புக்குப் புதுப்பேட்டையில் 15 இன்ச் இரும்பு ரிம்: எதைப் பார்த்து வாங்குவது?

மலைப்பாதை எழுதியது:

வண்டி மஹிந்திரா எம்எம்540. பாடி புதிதாகக் கட்டியது, ஆக்ஸில் இரண்டும் பழைய ஜீப் ஆக்ஸில்தான். இப்போது 6.00-16 டயர், நாலரை இன்ச் ஒல்லி ரிம், டியூப். டியூப்லெஸ்ஸுக்கு மாறணும். அலாய் வேண்டாம், இரும்பு ரிம்தான், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. சென்னைப் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் ஜிப்சி, பொலேரோ, ஸ்கார்ப்பியோ மூன்றையும் காட்டி எல்லாமே "அப்படியே ஏறும்" என்கிறார்கள். எது நிஜமாக ஏறும்? 235/75 ஆர் 15 டயர் போடலாமா? கடையில் நின்றபடி எதையெல்லாம் சோதிக்க முடியும்?

ஸ்டட்நட் பதில்:

ஸ்கார்ப்பியோவை விட்டுவிடுங்கள் தம்பி. ஐந்து ஓட்டைதான், ஆனால் பி.சி.டி., அதாவது ஸ்டட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், 160 மி.மீ. உங்கள் ஜீப், ஜிப்சி, பொலேரோ மூன்றும் 5 ஓட்டை, 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை இன்ச்.

கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம், அங்கேயே அளக்கலாம். ஐந்து ஓட்டை ரிம்மில் எதிரெதிர் ஓட்டை கிடையாது, அதனால் குறுக்கே டேப் வைத்தால் தப்பான அளவுதான் வரும். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஓட்டைகளை எடுங்கள். ஒன்றின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்புவரை வெர்னியரில் பாருங்கள். அதை 1.701 ஆல் பெருக்கினால் பி.சி.டி. பெருக்குவதற்கு முன் உங்களுக்கு வர வேண்டியது 82 மி.மீ. 67 வந்தால் அது 114.3 ரிம், 94 வந்தால் 160.

அடுத்தது நடு ஓட்டை. ஜிப்சி ரிம்மில் 108 மி.மீ. இருக்கும், ஜீப் ஹப் அதில் நுழைந்துவிடும். மற்ற எந்த ரிம்மாக இருந்தாலும் உங்கள் முன் ஹப்பின் தடித்த இடத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். லாக்கிங் ஹப் (4 வீலுக்கு முன்சக்கரத்தைப் பூட்டித் திறக்கும் ஹப்) மாட்டியிருந்தால் அதையும் அளக்கணும். நடு ஓட்டையை கேஸில் வெட்டிப் பெரிதாக்கித் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேக்ஸ்பேஸை, அதாவது ரிம்மின் உள்விளிம்புக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரத்தை, யாரும் பார்ப்பதில்லை, பிரச்சினை முழுக்க அங்கேதான் வரும். ரிம்மின் வெளிமுகம் தரையில் படும்படி கவிழ்த்து, உள்விளிம்பின் மேல் நேரான பட்டை ஒன்றை வைத்து, அதிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம்வரை ஆழத்தை அளங்கள். இப்போது வண்டியில் இருக்கும் ரிம்மையும் இதே மாதிரி அளங்கள். புதியதில் 15 மி.மீ. கூடுதல் என்றால் உள்விளிம்பு அத்தனை தூரம் டை ராடு (ஸ்டியரிங்கில் முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பி) பக்கம் போகிறது என்று அர்த்தம். அதோடு, 235 இருக்கட்டும், 215 மி.மீ. அகல டயரே உங்கள் 6.00 டயரைவிட ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ.க்கு மேல் புடைக்கும். 16-லிருந்து 15-க்கு இறங்குவதால் ரிம்மின் உள்வட்டமும் சுருங்கும், டை ராடு எண்ட் உரச வாய்ப்பு கூடும். ஒரே ஒரு ரிம்மை வாங்கி வந்து முன்னால் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகு மீதி நாலுக்குப் பணம் கொடுங்கள். பேக்ஸ்பேஸ் ரொம்பக் குறைந்தாலும் வம்புதான். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டும், எஃப்.சி.யில் பிடிப்பார்கள், முன்சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

சுண்ணாம்புக்கட்டி பதில்:

பளபளவென்று புதுக் கறுப்பு பெயின்ட் அடித்த ரிம்மை வாங்கவே வாங்காதீர்கள். துருப்பிடித்த ரிம்மில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் அடித்ததில் வெல்டிங்கும் புட்டியும் மறைந்திருக்கும்.

முதலில் நட் உட்காரும் கூம்பைப் பாருங்கள். நட்டைத் தளர்வாக விட்டு ஓடிய வண்டியின் ரிம்மில் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும், கூம்பின் ஒரு பக்கம் கண்ணாடிபோல மின்னும். கையோடு ஒரு வீல் நட் கொண்டுபோய் ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து ஆட்டுங்கள். சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்தால் எடுக்கலாம், ஒரு பக்கம் மட்டும் தொட்டால் வேண்டாம். ஓட்டையை அடைத்து வேறு பி.சி.டி.க்குத் துளைத்த ரிம்களும் அங்கே வருகின்றன. பின்பக்கம் ஓட்டையைச் சுற்றி வளையமாக வெல்ட் தழும்பு தெரிந்தால் அதுதான்.

விரிசல் வருவது இரண்டு இடங்களில்: ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றி, நடுத்தட்டு வெளிவளையத்தோடு வெல்ட் ஆகும் இடத்தில். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளை மேல் முடி மாதிரி ஈரக்கோடு எழும்பும். எழும்பினால் அந்த ரிம் மறுபடி இரும்புக்கடைக்குத்தான், வெல்ட் வைத்து ஓட்டாதீர்கள்.

நெளிசலுக்கு, வண்டியை ஜாக்கியில் ஏற்றி ரிம்மை மாட்டிச் சுழற்றி, விளிம்புக்குப் பக்கத்தில் ஆடாமல் ஒரு கம்பியைப் பிடித்தால் தெரியும். ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஆடினால் தள்ளுங்கள்.

டியூப்லெஸ் என்றால் இன்னொன்று. பீட் (டயரின் உள்விளிம்பு) உட்காரும் இடத்தை ஒட்டி உள்பக்கம் ஒரு மேடு ஓட வேண்டும். ரிம்மில் அளவு பொறித்த இடத்தில் 15-க்குப் பிறகு எச் என்ற எழுத்து இருந்தால் மேடு உண்டு. மேடு இல்லாத ரிம்மில் காற்று குறைந்த நேரம் வளைவில் பீட் நழுவிவிடும், அதற்கு டியூப்தான். பீட் இடத்தில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தாலும் காற்று நிற்காது.

வலதுஇடது பதில்:

ரிம் சரியாகக் கிடைத்த பிறகும் நட்டில் கோட்டை விடுவார்கள். பழைய ஜீப் ஸ்டட் அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. ஜிப்சி ஸ்டட் எம்12 (12 மி.மீ.), 1.25 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி. ஜிப்சி ரிம்மோடு ஒரு பை நிறைய ஜிப்சி நட்டும் தருவார்கள், அது உங்கள் ஸ்டட்டில் ஏறாது. ஏறாதவரை நல்லது. ஆபத்து இதற்கு நேரெதிர்: பின் ஆக்ஸிலோ ஹப்போ ஜிப்சியிலிருந்து மாற்றிய வண்டிகளில் அரை இன்ச் நட் எம்12 ஸ்டட்டில் லொடலொடவென்று ஏறிவிடும். பிட்ச் 1.27-க்கும் 1.25-க்கும் வித்தியாசம் கைக்குத் தெரியாது. முறுக்கும்போது பிடித்த மாதிரியும் இருக்கும், மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும், ஓட்டத்தில் உருவிக்கொள்ளும். நட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்றி ஆட்டிப் பாருங்கள், தலை ஆடினால் தப்பான நட்.

பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை உண்டு, ஸ்டட் முனையில் எல் என்று பொறித்திருக்கும். தெரியாமல் நீள ஸ்பேனர் போட்டு வழக்கம்போலத் திருப்பினால் ஸ்டட் முறியும்.

ஜிப்சி தட்டின் தடிமன் பழையதைவிட அதிகமா என்றும் பாருங்கள். இரண்டு வகை ஸ்டட்டிலும் நட் குறைந்தது பத்து சுற்று ஏற வேண்டும். கூம்பிலும் ஹப் முகத்திலும் பெயின்ட் கனமாக இருக்கக் கூடாது. ஓடும்போது பெயின்ட் நசுங்கும், நட் தளரும். அரை இன்ச் ஸ்டட்டுக்கு டார்க் (முறுக்கும் விசை) 100 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக. 50 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் பாருங்கள்.

மலைப்பாதை எழுதியது:

ஒரு ஜிப்சி ரிம் கொண்டுவந்தேன். 82 சரியாக வந்தது, ஐந்தரை ஜே (அகலம் ஐந்தரை இன்ச்), எச் எழுத்து இருக்கிறது, முழு ஒடிப்பில் டை ராடுக்கும் ரிம்முக்கும் 14 மி.மீ. இடைவெளி. 235 போடலாமா?

ஸ்டட்நட் பதில்:

வேண்டாம். 235/75-க்கு ரிம் குறைந்தது 6 இன்ச் வேணும். ஐந்தரையில் போட்டால் பக்கச்சுவர் உப்பி, நடுப்பட்டை மட்டும் தேயும், வளைவில் வண்டி அசையும். ரிம்மை வெட்டி அகலப்படுத்தும் வேலைக்கும் போகாதீர்கள்.

215/75 ஆர் 15 போடுங்கள், ஐந்தரையிலிருந்து 7 வரை அனுமதி உண்டு. விட்டம் 703 மி.மீ., உங்கள் 6.00-16 சுமார் 728. அதனால் ஸ்பீடோமீட்டர் மூன்றரை சதவீதம் கூட்டிக் காட்டும், மேடு ஏறுவது கொஞ்சம் சுலபமாகும். ஜிப்சிக்கு வரும் 205/70 போட்டால் விட்டம் 668-க்கு இறங்கிவிடும், ரோட்டில் இன்ஜின் கத்தும். டயர் மாட்டிய பிறகு அந்த 14 மி.மீ.யை மறுபடி பாருங்கள், டயர் புடைப்பு அதில் கொஞ்சத்தைத் தின்றிருக்கும். 4 வீல் போட்டு ஓட்டுவதால் நாலும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். ஸ்டெப்னியும் அதே அளவு.