ஐந்து வயது மகளோடு ஒரு வருடம் கேம்பர்வேனில்: போகலாமா, வேண்டாமா?

மெல்பர்ன்_மலர்:
மகளுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு வருடம் கேம்பர்வேனில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வேன்) ஹைவே 1 நெடுஞ்சாலை வழியாக ஆஸ்திரேலியாவை ஒரு சுற்றுச் சுற்றிவர நானும் கணவரும் நினைக்கிறோம். கிட்டத்தட்ட 14,500 கிலோமீட்டர். ஊரில் அம்மா கேட்டதும் அழுதுவிட்டார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலைவாசி:
தாராளமாகப் போங்கள். விக்டோரியாவில் 6 வயதில்தான் பள்ளி கட்டாயம். அதைத் தாண்டினாலும் வீட்டுக்கல்விக்குப் பதிவு செய்துகொள்ளலாம். நாங்கள் மகனோடு பதினோரு மாதம் சுற்றினோம். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதனால் முந்தின ராத்திரியே இருந்த காயையெல்லாம் அரிந்து சாம்பாரில் போட்டோம். ஏன் விடமாட்டார்கள் என்று கேட்டான். அன்று பழ ஈயைப் பற்றிப் பேசியதை இன்றைக்கும் சொல்கிறான். நல்லார்பர் சமவெளிப் பக்கம் வளைவே இல்லாமல் 146 கிலோமீட்டர் சாலை. அங்கே ஓடோமீட்டரைப் பார்த்தே நூறுக்கு மேல் எண்ணப் பழகினான்.

தென்றல்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. நாங்களும் ஏழு மாதம் போனோம். முதல் மாதம் ஒவ்வொரு கேம்ப்பிலும் என் பெண் ஓடிப்போய்ச் சிநேகம் பிடிப்பாள். விடிந்தால் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ப்ரூம் என்ற ஊரில் பக்கத்து வேன் பிள்ளை பந்தோடு வந்து கூப்பிட்டது. "அவ நாளைக்குப் போயிடுவாம்மா" என்று சொல்லிவிட்டு என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே திரும்பிவிட முடிவெடுத்தோம். கடலும் பாலைவனமும் நம் ஆசை. அந்த வயதுக்கு வேண்டியது தினமும் பார்க்கிற ஒரு தோழி.

சாலைவாசி:
அக்கா, எங்களுக்கும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான். அப்புறம் ஓர் ஊரில் மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டோம். வடக்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம் என்பதால் எல்லோரும் ஒரே பருவத்தில்தான் அங்கே போவார்கள். டார்வினில் பார்த்த குடும்பத்தையே குனுனுராவிலும் பார்த்தோம். இரண்டு பையன்களும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

பெர்த்வாசி:
முதலில் சீட்டைப் பாருங்கள். 7 வயது ஆகும்வரை குழந்தை இருக்கை கட்டாயம்; அதன் மேல்பட்டையை மாட்டக் கொக்கி வேண்டும். பல வேன்களில் மேஜையோடு இருக்கும் பெஞ்சில் அது கிடையாது. ஒரு வேனுக்கு முன்பணம் கொடுக்கப் போய், கடைசி நிமிடத்தில்தான் கவனித்தேன். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும். நல்லார்பரில் பறக்கும் டாக்டர் சேவை விமானம் இறங்க நெடுஞ்சாலையிலேயே ஓடுதளக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம்.

தென்றல்:
தம்பி, மூன்று வாரம் கழித்தும் பிரிவுதானே? மலர், மகளிடம் கேட்டீர்களா?

மெல்பர்ன்_மலர்:
நேற்று கேட்டோம். "எதிர்வீட்டுப் பாப்பா வருவாளா? என் சைக்கிள் வருமா?" இரண்டே கேள்வி. முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு வருடம் என்பதை விட்டுவிட்டோம். மே மாதம் கிளம்பி, அடிலெய்டு வழியாக டார்வின் வரை, மொத்தம் மூன்று மாதம். சரி, சைக்கிளை எங்கே மாட்டுவது?

சாலைவாசி:
பின்கதவில் ஸ்டாண்ட் போடுங்கள். நம்பர் பிளேட் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அபராதம் போடுவார்கள்.