ரப்பர் ஷெட்டு ஆசிட் ‘வலிமை குறைந்தது’ என்றால் கை ஏன் பொத்துப்போகுது? பத்தாம் வகுப்புச் சந்தேகம்

அருமனை_அம்மா

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அமிலமும் கரைசலும் சொல்லிக்கொடுக்கும்போது மூணு இடத்துல மாட்டிக்கிட்டேன். புத்தகத்துல பார்மிக் அமிலம் ‘வலிமை குறைந்த அமிலம்’னு போட்டிருக்கு. ரப்பர் பாலை உறையவச்சு ஷீட் அடிக்க வாங்குற 85 சதவீத பார்மிக் ஆசிட்டோ கையில பட்டா கொப்புளமே வந்துருது, ரெண்டும் எப்படிப் பொருந்தும்? அடுத்து, அந்த 85 சதவீதத்த 1 சதவீதமாக்க ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி எடுக்கணும்? கடைசியா, ரப்பர் பால் உறையுறது இயற்பியல் மாற்றமா வேதியியல் மாற்றமா? கணக்கோட சொன்னா உதவியா இருக்கும்.

தக்கலை_வேதியியல்

‘செறிவு’ங்கிறது ஒரு லிட்டருக்குள்ள எவ்வளவு அமிலம் இருக்குங்கிற கணக்கு. ‘வலிமை’ங்கிறது நீரில் போட்ட மூலக்கூறுகள்ல எத்தனை பங்கு பிரிஞ்சு ஹைட்ரஜன் அயனி கொடுக்குதுங்கிற குணம். செறிவை நாம தண்ணி ஊத்தி மாத்தலாம். வலிமையை அப்படி மாத்த முடியாது, அது அந்தப் பொருளோட இயல்பு.

எண்ணுல பாருங்க. மோல்ங்கிறது மூலக்கூறு எண்ணிக்கைக்கான அலகு, மோலார்னா லிட்டருக்கு எத்தனை மோல்ங்கிறது. பிஎச் குறையக் குறைய ஹைட்ரஜன் அயனி அதிகம். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் பிரிஞ்சிடும், பிஎச் 1. அதே 0.1 மோலார் பார்மிக் அமிலத்துல நூற்றுக்கு நாலுதான் பிரியும், பிஎச் 2.4 கிட்ட. அதனாலதான் ‘வலிமை குறைந்தது’. ஆனா கேன்ல இருக்கிற 85 சதவீதம் லிட்டருக்கு ஏறத்தாழ 22 மோல். அவ்வளவு அடர்த்தியா தோல்மேல படும்போது, பிரியாத மூலக்கூறே தோலுக்குள்ள இறங்கிப் புண்ணாக்கும். ஆக அது செறிவு மிகுந்த, வலிமை குறைந்த அமிலம். பிள்ளைங்க ‘வலிமை குறைந்தது’ன்னா ‘ஆபத்து இல்லாதது’ன்னு எடுத்துக்கிறாங்க, பாடத்துல அதிகம் வழுக்குற இடம் இதுதான். எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம்: நிறைய தண்ணி விட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலம். வலிமை மிகுந்தது, ஆனா நீர்த்தது.

கையில பட்டா ஓடுற தண்ணியில கால்மணி நேரத்துக்குக் குறையாம கழுவணும். சோடா மாவைத் தோல்ல தேய்க்க வேண்டாம், நடுநிலையாக்கல்ல சூடு கிளம்பும். கண்ணுல தெறிச்சா கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

ஷீட்புரை

ரெண்டாவது கேள்விக்கு. 85 சதவீதம்ங்கிறது எடைக்கணக்கு: 100 கிராம் திரவத்துல 85 கிராம் அமிலம். ஆனா நாம மில்லியில அளக்குறோம், அதனால அடர்த்தி வேணும். மில்லிக்கு சுமார் 1.2 கிராம். 1.2 × 0.85 = 1.02. அதாவது ஒரு மில்லி ஆசிட்டுக்குள்ள ஏறக்குறைய ஒரு கிராம் அமிலம். 1 சதவீதக் கரைசல் ஒரு லிட்டருக்கு 10 கிராம் அமிலம் வேணும், அப்போ 10 மில்லி போதும். ஷெட்டுல ‘லிட்டருக்குப் பத்து’ன்னு சொல்றது இதனாலதான் சரியா வருது. ஆனா அது தற்செயல். 35 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இதே வாய்ப்பாடு போட்டா தப்பும்: 1.18 × 0.35 = 0.41, லிட்டருக்குச் சுமார் 24 மில்லி வேணும்.

அரை கிலோ உலர்ந்த ரப்பருக்கு, அதாவது ரப்பர் 12.5 சதவீதம் இருக்கிற மாதிரி தண்ணி சேர்த்த 4 லிட்டர் பாலுக்கு, சுமார் 2 மில்லி ஆசிட்டை 400 மில்லி தண்ணியில கலந்து ஊத்துவாங்க. அந்தக் கலவை 0.5 சதவீதம். முதல்ல தண்ணி, அப்புறம் ஆசிட். கேனிலிருந்து நேரா பால்ல விட்டா விழுந்த இடம் மட்டும் கட்டியா உறையும், மத்தது பாலாவே நிக்கும், ஷீட் சீரா வராது. கலக்குறப்ப எழும்புற நுரையை வழிச்சிடணும், இல்லைன்னா ஷீட்டுல குமிழ் தெரியும்.

இன்னொண்ணு. சில இடத்துல செலவு குறையும்னு சல்பியூரிக் அமிலம் பயன்படுத்துவாங்க. அந்தக் கேனையும் பார்மிக் கேனையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. ரெண்டும் அடர்த்தியா கலந்தா கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

அருமனை_அம்மா

தெளிவா இருக்கு, நன்றி சார். ஒரு சின்னது: பால் கட்டிப்போகாம இருக்க அம்மோனியா விட்டிருந்தா ஆசிட் கூடுதலா கேக்குதே. வலிமை குறைந்த அமிலம்ங்கிறதாலயா?

தக்கலை_வேதியியல்

இல்லை. இங்க வலிமைக்கு வேலையே இல்லை, மோல் எண்ணிக்கைதான் பேசும். அம்மோனியா ஹைட்ரஜன் அயனியை எடுக்க எடுக்க, பிரியாம இருந்த பார்மிக் மூலக்கூறுகளும் பிரிஞ்சு கொடுத்துக்கிட்டே இருக்கும். கடைசியில ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் அம்மோனியா, அம்மோனியம் பார்மேட் உப்பு.

10 லிட்டர் பால்ல 5 கிராம் அம்மோனியா இருக்குன்னு வைங்க. அம்மோனியாவோட மோலார் நிறை, அதாவது ஒரு மோலோட எடை, 17 கிராம்; 5 ÷ 17 = 0.294 மோல். அதே மோல் பார்மிக், மோலார் நிறை 46, 13.5 கிராம். மேல சொன்ன ‘மில்லிக்கு 1.02 கிராம்’ கணக்குப்படி 13 மில்லிக்குக் கொஞ்சம் மேல. இது அம்மோனியாவைத் தீர்க்க மட்டும். பாலை உறையவைக்கிற பங்கு தனி.

வகுப்புல காட்டணும்னா: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் 50 மில்லி ஒரு குடுவையில. 4 சதவீத வினிகர் (வலிமை குறைந்த அசிட்டிக் அமிலம்) 15 மில்லியை 100 மில்லியாக்கினா அதுவும் 0.1 மோலார், அதுல 50 மில்லி இன்னொரு குடுவையில. ரெண்டுலயும் 0.12 கிராம் மெக்னீசியம் நாடா. முதல் குடுவை வேகமா பொங்கும், ரெண்டாவது மெதுவா. வாயுவைக் குழாய் வழியா நீர்மேல் சேகரிச்சா ரெண்டுலயும் கடைசியில 60 மில்லி கிட்டதான் ஹைட்ரஜன் நிக்கும். வேகம் வலிமையால, அளவு மோலால. வினிகர் குடுவையைப் பாதியிலேயே நிறுத்திட்டா பிள்ளைங்க தப்பான முடிவோட எழுந்து போவாங்க, முழுசா ஓயுற வரை காத்திருக்கணும்.

கூழ்மம்

மூணாவது கேள்வி விட்டுப்போச்சு. ரப்பர் பால் நீருக்குள்ள ரப்பர் துகள் மிதக்குற கூழ்மம். துகள் ஒவ்வொண்ணும் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கும், அந்தப் போர்வைக்கு எதிர் மின்சுமை, ஒண்ணையொண்ணு தள்ளும். அமிலம் விட்டதும் ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையை அழிக்கும், பிஎச் 5க்குக் கீழே போறப்ப துகள்கள் ஒட்டிக்கும். ரப்பர் மூலக்கூறு அப்படியேதான் இருக்கு, புதுப்பொருள் ஆகலை. அதனால இயற்பியல் மாற்றம், திரிதல் (கூழ்மத் துகள்கள் ஒண்ணுசேர்ந்து கட்டியாகுறது)னு எழுதணும். ‘திரும்பப் பழைய நிலைக்கு வராது, அதனால வேதியியல் மாற்றம்’னு சொல்ற விதி இங்க உதவாது.

ஆனா ஆசிட் விடாம சிரட்டையிலேயே தானா கட்டி ஒட்டுப்பாலாகுறது கதை வேற. அங்க பாக்டீரியா பால்ல இருக்கிற சர்க்கரையைத் தின்னு அமிலமாக்குது, அந்தப் பகுதி நிச்சயமா வேதியியல் மாற்றம். அந்த அமிலம் துகளைத் திரிக்கிறது அடுத்த படி. தேர்வுல ரெண்டையும் பிரிச்சு எழுதினா மதிப்பெண் குறைக்க இடமில்லை.

ஆசிட் அளவு சரியான்னு பார்க்க பெரிய கருவி வேண்டாம். உறைஞ்ச கட்டியைச் சுத்தி நிக்கிற தண்ணி தெளிவா இருந்தா சரி, வெள்ளையா கலங்கியிருந்தா ஆசிட் குறைவு, ரப்பர் தண்ணியோட போகுது. அதுக்காக ரெண்டு மடங்கு ஊத்தினா ஷீட் பிசுபிசுத்து, காயவும் நாள் எடுக்கும்.